ஈச்சந்தாழ்வில் ஒரு மதில்

1

சைக்கிள் கொட்டில் போட அனுமதி இல்லை என்று நகரசபையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது.

மூன்று பக்கக் கடிதம். ஒஸ்லோவில் பஸ் ஓட்டத் தொடங்கி இருபத்தைந்து வருடமாகிறது. அதற்கு முன்பு வடக்கே மீன் தொழிற்சாலையில் ஆறு வருடம் நின்றிருக்கிறேன். இவ்வளவு காலமாகியும் அரசாங்கக் கடிதம் என்றால் எனக்கு முதற்பக்கத்திலேயே மூச்சு முட்டும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த மகள் தாரிணியிடம் நீட்டினேன். அவள் பருப்பும் சோறும் குழைத்தபடி இடக்கையால் பக்கங்களைப் புரட்டினாள்.

"அப்பா, வீட்டுக்குப் பின்னாலை ஆறு போகுதெல்லே. அதுக்குப் பக்கத்திலை ஒண்டும் கட்டக் கூடாதாம். அது பெருகினா போறதுக்கு இடம் வேணுமாம்."

"உது ஆறே? ஒரு பாய்ச்சலிலை தாண்டலாம்."

"நீங்கள் தாண்டுவீங்கள். தண்ணி எங்கை போறது?"

எனக்குக் கோபம் வந்தது. வரி கட்டுகிறேன், வீட்டுக் கடன் கட்டி முடித்துவிட்டேன், நாலு கம்பமும் ஒரு தகரமும் வைக்க இவர்களிடம் கெஞ்ச வேண்டுமா என்று சத்தம் போட்டேன். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன் பிள்ளையோடை கத்திறியள்? போன வருசம் ஊரிலை தண்ணிக்கு இடம் விடாமல் கட்டினது காணாதே?" என்றாள்.

நான் கையைக் கழுவிக்கொண்டு எழும்பிவிட்டேன்.

போன கார்த்திகை மழைக்கு அடுத்த மாதம் ஒரு வருடம் ஆகிறது. ஊரில் இருக்கிற என் ஒரே உடன்பிறப்பான அக்கா அன்றிலிருந்து என்னோடு சரியாகக் கதைப்பதில்லை. காரணம் யாழ்ப்பாணத்தில், சுன்னாகத்துக்குப் பக்கத்தில் நான் எழுப்பிய ஒரு மதில். இந்த வருட மழை தொடங்க இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. மதில் அப்படியே நிற்கிறது.

2

நான் குடியிருப்பது ஒரு பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் காட்டு மலை, நடுவில் அடுக்குமாடிகள், பெருந்தெரு, ரயில் பாதை, எங்கள் கடைகள், எங்கள் கோயில். நோர்வேக்காரர் பள்ளத்தாக்கை 'டால்' என்பார்கள். பழைய சொல். நான் ஓட்டும் தடத்தில் பாதி நிறுத்தங்களின் பெயர் அந்தச் சொல்லில்தான் முடியும். நாள் முழுவதும் பஸ்சுக்குள் ஒரு பெண்குரல் டால், டால் என்று சொல்லிக்கொண்டே வரும். வந்த புதிதில், டால் என்றால் பருப்பல்லவா, இந்தச் சனங்களுக்கு அதில் இவ்வளவு பற்றோ என்று நண்பர்களோடு பகிடி விட்டிருக்கிறேன்.

போன வைகாசியில் தாரிணி பெயரை மாற்றினாள். அவளோடு வாழ்கிற பெடியன் நோர்வேக்காரன், நல்ல பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமில்லை. அவனுடைய குடும்பப் பெயர் ப்ரெக்கடால். இணையத்தில் ஒரு படிவம், நாலு அழுத்தல், என் பெயர் போய் அந்தப் பெயர் வந்துவிட்டது. அப்பன் பெயர் உனக்கு என்ன பாரமா பிள்ளை என்று கேட்டேன்.

"அது ஆக்களின்ரை பெயர் இல்லை அப்பா. அவையின்ரை காணியின்ரை பெயர். அவன்ரை அப்பப்பாவின்ரை அப்பா அந்த டாலிலை இருந்தவர். இப்ப அங்கை ஒருத்தரும் இல்லை. பெயரை மட்டும் வைச்சிருக்கினம்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "எங்கடை காணிக்கும் பெயர் இருந்ததோ?"

இருந்தது. யாழ்ப்பாணத்தில் பெயரில்லாத காணி கிடையாது. வெறும் நாலு பரப்புத் துண்டென்றாலும் உறுதிப் பத்திரத்தில் அதற்கென்று ஒரு பெயர் எழுதியிருக்கும். பெயரின் வாலைப் பார்த்தால் நிலம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். கலட்டி என்று முடிந்தால் கல் நிலம், வீடு கட்டலாம். புலம் என்றால் தோட்டம், வெங்காயம் வைக்கலாம். தாழ்வு என்று முடிந்தால் பள்ளம்.

எங்கள் குடாநாட்டில் மலையில்லை, ஆகவே நோர்வேக்காரன் ஒப்புக்கொள்ளக் கூடிய பள்ளத்தாக்கும் இல்லை. ஆனால் முழங்கால் அளவு சரிவு எங்களுக்குப் போதும். வானம் பார்த்த பூமியில் மழைத்தண்ணீர் எந்த வழியால் வந்து எந்த வழியால் குளத்துக்குப் போகிறது என்பதுதான் பெரிய விசயம். அந்த வழிதான் தாழ்வு. தாழ்வில் ஒரு போகம் நெல் விதைப்பார்கள். மாரி முடிய மாடு கட்டுவார்கள். தாழ்வுக்குள் வெங்காயம் வைத்தவனைச் சந்தையில் வைத்துச் சிரிப்பார்கள். மழைக்காலத்தில் ஒருவரைத் தேடிப் போனால், "தாழ்வாலை வராதையுங்கோ, சுத்தி வாங்கோ" என்று குரல் கொடுப்பார்கள்.

வேலி போடுவதிலும் ஒரு முறை இருந்தது. தாழ்வைக் குறுக்கறுத்துப் போகும் வேலியில் அடிப்பக்கம் அடைக்கமாட்டார்கள். ஒரு முழம் திறந்து கிடக்கும். ஐப்பசியில் மழைக்கு முன்பு மேற்காணிக்காரரும் கீழ்க்காணிக்காரரும் ஒன்றாக இறங்கி அந்த இடத்தில் சேர்ந்த சருகையும் மண்ணையும் வாரி எடுப்பார்கள். இரண்டு பேரும் வழக்காடிக்கொண்டிருந்தாலும் அந்த ஒரு நாள் ஒன்றாக நிற்க வேண்டும். அப்பாவும் பக்கத்துக் காணிக்காரரும் மூன்று வருடம் ஒரு பூவரச மரத்துக்காகக் கோட்டுக்குப் போய் வந்தவர்கள். அந்த மூன்று ஐப்பசியும் ஒரு வார்த்தை பேசாமல் சேர்ந்து மண் வாரியதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் காணியின் பெயர் ஈச்சந்தாழ்வு. எட்டுப் பரப்பு. வடக்குப் பாதி அக்காவுக்குச் சீதனமாகப் போனது. அதில் ஓரமாகக் கிடந்த கல் மேட்டில் அத்தான் வீடு கட்டினார். தெற்குப் பாதி எனக்கு. மழைத்தண்ணீர் அக்காவின் பக்கத்தால் வந்து, என் பக்கத்தால் இறங்கி, குளத்துக்குப் போகும்.

இதையெல்லாம் தாரிணிக்குச் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி, "அப்ப ஏன் அப்பா அதிலை வீடு கட்டினனீங்கள்?" என்றுதான் வரும்.

3

ஏன் கட்டினேன்?

ஓய்வு எடுத்ததும் வருடத்தில் ஆறு மாதமாவது ஊரில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. கோடையில் இங்கே, பனிக்காலத்தில் அங்கே. மற்றவர்கள் எல்லாம் கட்டிவிட்டார்கள் என்ற எரிச்சலும் இருந்தது, மறைக்க மாட்டேன். படத்தை நானே கீறினேன். மாடி இல்லை, ஆனால் பெரிய விறாந்தை, மூன்று அறை. கிழக்கு மூலையில் தாரிணிக்கென்று குளியலறையோடு ஒரு தனி அறை. பள்ளத்துக்கு முப்பது லோட் மண் கொட்டி நிரப்பினேன். சுற்றிவர ஆறடி மதில். எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் பார்த்துப் பார்த்து, பஸ் தரிப்பிடத்தில் இடைவேளையில் நின்றபடி கட்டி முடித்தேன்.

முதல் லோட் மண் வந்த அன்றே அக்கா தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, உது தாழ்வடா. தண்ணி போற வழி. அதிலை ஆரும் வீடு கட்டுறேல்லை."

"அக்கா, இஞ்சை மலையைக் குடைஞ்சு தெரு போடுறாங்கள். நீங்கள் ஒரு அடிப் பள்ளத்துக்குப் பயப்பிடுறியள்."

"அவங்கள் என்னத்தையெண்டாலும் செய்யட்டும். நீ மதிலுக்கு அடியிலை தண்ணி போக வழியாவது விடு."

"வழி விட்டா பாம்பு வரும், நாய் வரும். இப்ப முந்தின மாதிரி மழையும் இல்லை. பேசாமல் இருங்கோ அக்கா."

அக்கா பேசாமல் இருந்தார். எழுபதை நெருங்குகிற மனுசி, அத்தான் போனபிறகு தனியாகக் குத்தகைப் புலத்தில் வெங்காயம் வைத்துச் சுன்னாகம் சந்தைக்கு அனுப்பி யாருடைய கையையும் எதிர்பார்க்காமல் வாழ்கிறவர். எந்த மழைக்குத் தண்ணீர் எங்கே ஏறும் என்று வருடா வருடம் பார்த்தவர். அவரைத்தான் நான் பேசாமல் இருக்கச் சொன்னேன்.

இதற்கு மேல் ஒரு கூத்தும் செய்தேன். தாழ்வு என்ற சொல்லே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. தாழ்வு, தாழ்ச்சி, தாழ்ந்தது. வெளிநாட்டுக்காரன் வீட்டுக்கு இது என்ன பெயர்? மூன்றடி நீளக் கறுப்புக் கருங்கல்லில் நோர்வேஜிய எழுத்தில் ஒரு பெயர் வெட்டுவித்துக் கேற்றடியில் பதித்தேன். சூல்பாக்கன். வெயில் மேடு என்று அர்த்தம். நோர்வேயில் மலைச்சரிவில் இருக்கும் வீடுகளுக்கு வைக்கிற பெயர். பள்ளத்தில் நின்றுகொண்டு மேடு என்று கல்லில் எழுதி வைத்த ஆள் நான்.

வெள்ளம் வருமுன் அணை கட்டு என்பார்கள். நான் கட்டிவிட்டேன், தடுத்த வெள்ளம் யாரிடம் போகும் என்று யோசிக்காமல்.

4

போன கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. தண்ணீர் வழமைபோல் அக்காவின் பக்கத்தால் வந்தது. என் வடக்கு மதிலில் முட்டியது. நின்றது. பிறகு பின்வாங்கி ஏறத் தொடங்கியது. அத்தான் கட்டிய அந்தக் கல் மேட்டு வீட்டுக்குள் அதுவரை ஒரு மாரியிலும் தண்ணீர் புகுந்ததில்லை. அன்று முழங்கால் அளவு நின்றது. அடுத்த போகத்துக்கென்று வைத்திருந்த விதை வெங்காயம் முழுதும் அழுகியது. எனது புதுக் கக்கூசுக் குழி நிலத்துக்கு அடியால் ஊறி நிரம்பி, அந்தத் தண்ணீரும் சேர்ந்து அக்காவின் கிணற்றுக்குள் போனது. ஊரே அள்ளிக் குடித்த நல்ல தண்ணீர்க் கிணறு.

என் வீட்டுக்குள் ஒரு சொட்டும் வரவில்லை. முப்பது லோட் மண்ணின் மேல் அது காய்ந்தபடி நின்றது.

அக்காவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். அயலவர் ஒருவரின் தொலைபேசியில் பிடித்தேன். பின்னால் குழந்தைகள் அழுகிற சத்தமும், சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கப் பெயர் கூப்பிடுகிற சத்தமும் கேட்டன.

"அக்கா, சுகமாய் இருக்கிறியளோ?"

"இருக்கிறன். இதே பள்ளிக்கூடம்தான். இதே வாங்கிலைதான் இருக்கிறன். அப்ப ஷெல்லுக்கு ஓடி வந்தனான். இப்ப என்ரை தம்பியின்ரை மதிலுக்கு ஓடி வந்திருக்கிறன்."

நான் பஸ் தரிப்பிடத்தில் நின்றிருந்தேன். பனி பெய்துகொண்டிருந்தது. புறப்பட வேண்டிய நேரம் தாண்டி இரண்டு நிமிடம் என்று பயணி ஒருத்தி கண்ணாடியில் தட்டினாள்.

அதற்குப் பிறகு எடுத்தபோதெல்லாம் அக்கா மரியாதையாகக் கதைத்தார். அதுதான் என்னைக் கொன்றது. பிறந்த நாளிலிருந்து என்னை 'நீ', 'டேய்', 'தம்பி' என்று கூப்பிட்டவர், "சொல்லுங்கோ", "நீங்கள் எப்பிடி இருக்கிறியள்?" என்றார். யாரோ அரசாங்கக் கந்தோர் ஐயாவோடு பேசுவதுபோல. ஆள் பிடித்து மதிலை உடைப்பியுங்கோ அக்கா, எல்லாச் செலவும் என்னுடையது என்று மூன்று முறை கெஞ்சினேன். மூன்று முறையும் ஒரே பதில்.

"உங்கடை மதிலிலை நான் கை வைக்க மாட்டன். தம்பியின்ரை வீட்டைப் பாத்து அக்காவுக்கு எரிச்சல் எண்டு ஊர் சொல்லும். கட்டினவை வந்து உடைக்கட்டும்."

5

சைக்கிள் கொட்டில் கடிதம் வந்த மறுநாள் லீவுக்கு எழுதினேன். படிவத்தில் நோய், மரணம், பிள்ளைப்பேறு என்று கட்டங்கள் இருந்தன. மதில் உடைக்க ஒரு கட்டமும் இல்லை. 'குடும்பக் காரணம்' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். மேலாளர் பெண் வயதில் என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவள். யாருக்காவது சுகமில்லையா என்று கனிவாகக் கேட்டாள். எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில், "என் அக்காவின் வழியில் நான் நிற்கிறேன்" என்றேன். அவள் என்ன விளங்கிக்கொண்டாளோ, கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

இதற்குப் பிறகு வரும் மிச்சத்தை ஊரில் இருந்து எழுதுகிறேன்.

சுன்னாகம் ஸ்ரேசனில் இறங்கி ஓட்டோ பிடித்து வந்தேன். அக்கா வாசலில் நின்றார். மெலிந்துவிட்டார். சுவரில் முழங்கால் உயரத்தில் சேற்றுக்கோடு இன்னும் இருந்தது. வெள்ளை அடிக்காமல் விட்டிருக்கிறார்.

"வாங்கோ. இருங்கோ. தேத்தண்ணி குடியுங்கோ."

விருந்தாளி மாதிரி உட்கார்ந்து குடித்தேன்.

மறுநாள் காலை மேசன் செல்வம் வந்தார். இந்த மதிலைக் கட்டியவரும் அவர்தான். தாழ்வின் மேல் முனையிலிருந்து கீழ் முனை வரை நடந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அண்ணை, வடக்கும் தெற்கும் மதிலைத் திறந்து, நடுவாலை ஒரு வாய்க்கால் வெட்டினாச் சரி. ஆனா அந்த வாய்க்கால் போக வேண்டிய இடத்திலை உந்த மூலை அறை நிக்குதே."

"சுத்தி வெட்டேலாதோ?"

"வெட்டலாம். தண்ணி சுத்திப் போகாது. உங்களுக்குத் தெரியாதே அண்ணை, அது தன்ரை பாட்டிலை நேராய்த்தான் வரும்."

அது தாரிணியின் அறை. கட்டிலுக்குப் போட்ட பிளாஸ்ரிக் உறைகூட இன்னும் கிழிக்கவில்லை. பெயரை மாற்றினால் மாற்றட்டும், ஒரு நாள் அவளும் அந்தப் பெடியனும் வந்து இந்த அறையில் படுத்தெழும்புவார்கள் என்று நான் மனதுக்குள் வைத்திருந்தேன். அவளை வீடியோவில் கூப்பிட்டேன். வேலையிடத்துக் கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் நின்று கதைத்தாள். விசயத்தைச் சொல்லி முடித்தேன்.

"அப்பா, நான் அந்த அறையிலை ஒரு நாளும் படுக்கேல்லைத்தானே."

உண்மைதான். உண்மை என்றபடியால் இன்னும் சுட்டது.

"உடையுங்கோ. நான் வந்தா மாமியோடை படுக்கிறன்."

அக்காவோடு படுப்பேன் என்றதை ஒரு பேச்சுக்குச் சொன்னாளா, உண்மையில் வருவாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருந்தது. முதல் அடி நானே அடித்தேன். மூன்றாம் அடியோடு கை விறைத்துப்போனது. மிச்சத்தைச் செல்வமும் அவருடைய ஆட்களும் அடித்தார்கள். அறை விழுந்து முடிய மூன்று நாள். கக்கூசுக் குழியை இடம் மாற்றி, வாய்க்கால் வெட்டி முடிய இன்னும் இரண்டு நாள். அக்கா அந்த ஐந்து நாளும் மதிலோரமாக வந்து பார்ப்பார், போவார். வேலை செய்தவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு வந்தது. எனக்கென்று ஒரு சொல் வரவில்லை. "அவரையும் சாப்பிடச் சொல்லுங்கோ" என்று செல்வத்திடம் சொல்லுவார்.

உடைந்த கற்களை ஏற்றிய லொறியில் அந்தப் பெயர்க் கல்லையும் போடச் சொன்னேன். செல்வம் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல கல்லண்ணை, எறியிறது பாவம்" என்று வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாகப் போட்டுவிட்டுப் போனார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அக்கா வீட்டிலிருந்து மதில் வெட்டால் வருகிற ஒற்றையடிப் பாதை. இந்தப் பக்கம் என் விறாந்தை.

6

இன்று மத்தியானம் மழை இறங்கியது.

விறாந்தையில் நின்று பார்த்தேன். முதலில் வடக்கு மதில் வெட்டில் சருகு வந்தது. பிறகு நுரையும் செம்மண்ணுமாய்த் தண்ணீர் வந்தது. வாய்க்காலில் இறங்கியது. தாரிணியின் கட்டில் கிடந்த இடத்தால் போனது. தெற்கு வெட்டால் விழுந்து குளத்துப் பக்கம் இறங்கியது. நேரம் போகப் போகக் கரை தளும்பி, உடைத்த மூலையால் என் விறாந்தைக்குள்ளும் சாண் அளவு ஏறிவிட்டது. செருப்பொன்று மிதந்து போனது. நான் தடுக்கவில்லை. தாங்கமுடியாத துக்கமும், கூடவே யாரோ கழுத்திலிருந்து கையை எடுத்த மாதிரி ஒரு நிம்மதியும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

அக்காவின் முற்றத்தை எட்டிப் பார்த்தேன். நனைந்திருந்தது. தண்ணீர் தேங்கி நிற்கவில்லை.

மழை கொஞ்சம் விட்டதும் அக்கா குடையோடு வருவது தெரிந்தது. மற்றக் கையில் மூடிய சட்டி. பெயர்க் கல் வரைக்கும் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கல்லைக் குனிந்து பார்த்தார். திரும்பிப் போகப் போகிறார் என்று நினைத்தேன். என் வீட்டு வாசலுக்கு வர அவருக்கு இன்னும் மனம் வரவில்லை என்று நினைத்தேன்.

"தம்பி."

ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல்.

"என்னக்கா?"

"உதிலை எழுத்துக் கிடக்கு. எழுத்திலை கால் வைக்கப்படாது. வந்து கல்லைத் திருப்பிப் போடு."

"அது நோர்வேக்காரன்ரை எழுத்தக்கா."

"எவன்ரையெண்டா என்ன, எழுத்து எழுத்துத்தான். நிண்டு விடுப்புப் பாக்காமல் வாடா."

தண்ணீருக்குள் இறங்கிப் போனேன். கல் பாரம். ஒரு முனையைத் தூக்க மற்றது சேற்றில் புதைந்தது. அக்கா சட்டியைக் கரையில் வைத்தார். குடையை மடக்கினார். சேலையை முழங்கால் வரை இழுத்துச் செருகிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கி மற்ற முனையைப் பிடித்தார். எதிரெதிரே நின்று, காலுக்கிடையால் தண்ணீர் ஓட, இருவரும் சேர்ந்து கல்லைப் புரட்டிப் போட்டோம்.

அக்கா கரையேறிச் சட்டியை எடுத்தார். கல்லின்மேல் நடந்து என் பக்கம் வந்தார்.